விற்க முடியாத 3,700 ஏக்கர்

2002-ல் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனதே, கும்ப்ளே தாடையில் கட்டோடு வந்து பந்து வீசிய தொடர், ஞாபகம் இருக்கிறதா? ஆடம் சான்ஃபோர்ட் என்ற வேகப்பந்து வீச்சாளர் அந்தத் தொடரில்தான் எதிரணியில் அறிமுகமானார். கரீபியன் பூர்வகுடி வம்சம். கொலம்பஸ் போன பிறகு அந்தத் தீவுகளின் பழங்குடிகள் பூண்டோடு அழிந்தார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தவன் நான். அப்படியானால் இவர் யார்?

கலினாகோ. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'கரிப்'. கரீபியன் கடலுக்குப் பெயர் அதிலிருந்துதான் வந்தது. மனிதரைத் தின்பவரைக் குறிக்கும் 'கானிபல்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். கடலுக்கும் பெயர், வசைக்கும் பெயர்!

டொமினிக்கா தீவின் கிழக்குக் கரையில் (டொமினிக்கன் குடியரசு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்) சலிபியா, பட்டாக்கா, சினெக்கு என்று எட்டுச் சிற்றூர்கள். மொத்தம் 3,700 ஏக்கர், சுமார் 3,000 பேர். கலினாகோ பிரதேசம் என்பது இவ்வளவுதான்.

1660-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டொமினிக்காவையும் செயின்ட் வின்சென்டையும் இவர்களுக்கே விட்டுவிடுவதாக ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வாக்கு எத்தனை நாள் நின்றிருக்கும் என்று நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? 1763-ல் டொமினிக்கா பிரிட்டன் கைக்குப் போனது. தீவு முழுக்கத் தோட்டங்களாகத் துண்டு போடப்பட, இவர்களுக்கு மிஞ்சியது சலிபியாவில் மலையும் பாறையுமாக 232 ஏக்கர். அதையும் சார்லட் மகாராணி கொடுத்ததாக ஒரு வாய்மொழிக் கதை உண்டு, பத்திரம்தான் கிடையாது.

1903-ல் ஹெஸ்கெத் பெல் என்ற பிரிட்டிஷ் நிர்வாகி அதை 3,700 ஏக்கராக்கி ஒதுக்கினார். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் சுமார் 400 பேர். தலைவருக்குச் செங்கோலும் ஒரு சிறு ஆண்டுப் படியும் தந்தார்கள். கொடுத்த செங்கோலைப் பிடுங்க 27 வருஷம் போதுமாக இருந்தது. 1930-ல் கடத்தல் ரம்மும் புகையிலையும் தேடிப் போலீஸ் ஊருக்குள் நுழைந்தது. மக்கள் கல்லெறிந்தார்கள், போலீஸ் சுட்டது, இரண்டு பேர் செத்தார்கள். அப்புறம் ஒரு போர்க்கப்பலே வந்து மிரட்டியது. தலைவர் ஜாலி ஜான் பதவி இழந்தார், பதவியையே ஒழித்தார்கள். அது திரும்ப வந்தது 1952-ல். என்னைக் கேட்டால், 'கடத்தல்' என்ற வார்த்தையே அங்கே பொருந்தாது. பக்கத்துத் தீவுகளுக்குப் படகில் போய்ப் பண்டம் மாற்றுவது சுங்கச்சாவடி முளைப்பதற்கு எவ்வளவோ முந்தைய பழக்கம்.

இன்னும் அந்த நிலம் தனியார் சொத்து இல்லை, ஊர்ப் பொது. நீங்கள் வீடு கட்டலாம், மரவள்ளி போடலாம். விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. அதனால் வங்கிகள் கடன் தருவதில்லை. இதைக் காட்டி, பட்டா போட்டுக் கொடுத்தால் முன்னேறிவிடுவார்கள் என்பவர்கள் உண்டு. கஷ்டம் பொய்யில்லை, வண்டி போகிற ரோடே 1970 வாக்கில்தான் வந்த இடம். ஆனாலும் எனக்கு அந்த யோசனையில் உடன்பாடு இல்லை. கடல் பார்த்த மலைச்சரிவு அது. தலைக்கு ஒரு பத்திரம் கொடுத்துப் பாருங்கள், பத்து வருஷத்தில் பாதி நிலத்தில் ரிசார்ட் நிற்கும். மொழி போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேச்சுவழக்கிலிருந்து போய்விட்டது. லரூமா நாரில் பின்னும் கூடை, கொம்மியே மரத்தைக் குடைந்து செய்யும் ஓடம், 400 பேர் 3,000 ஆனது எல்லாம் காலடியில் மண் இருந்ததால்தான். கடனுக்கு நிலம்தான் ஈடாக வேண்டுமா என்ன? அரசாங்கம் உத்தரவாதம் கொடுக்கட்டுமே.

அதற்காகப் பொது நிலத்தைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. வெளியாளைக் கட்டிய கலினாகோ ஆண் மனைவியை உள்ளே கூட்டி வரலாம், பெண் என்றால் வெளியே போக வேண்டும் என்று வெகுகாலம் வழக்கம் இருந்தது. நிலம் எல்லாருக்கும் பொது, ஆனால் 'எல்லாரும்' என்பதில் யார் யார் என்ற சண்டை அங்கேயும் நடந்திருக்கிறது.

2015-ல் 'கரிப்' பெயரைச் சட்டப்படி நீக்கி 'கலினாகோ' ஆக்கினார்கள். 2023-ல் டொமினிக்காவின் குடியரசுத் தலைவரானவர் சில்வானி பர்ட்டன், ஒரு கலினாகோ பெண்.