கர்ணனுக்காக அழ யாரிடம் அனுமதி வாங்கணும்?

போன வாரம் என் அக்கா மகள் கர்ணனைப் பற்றி நீளமாக ஒரு பதிவு எழுதினாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பள்ளிப்பட்டுப் பக்கம் எங்கள் ஊர், இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஆந்திரா. சித்திரை வைகாசி ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருப்பார்கள், அதாவது பகலில் பாரதக் கதையும் ராத்திரியில் கூத்தும் நடக்கும் திருவிழா, அவள் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து துண்டைப் போட்டுப் படுத்துக்கொண்டே கூத்து பார்த்தவள். எழுதியது கர்ண மோட்சம் கூத்தில் அவன் போருக்குப் போகுமுன் பொன்னுருவியிடம் விடைபெற வரும் இடத்தைப் பற்றி. பிறப்பு தெரியாதவன் என்று கட்டின பெண்டாட்டியே முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நாளைக்குச் சாகப் போகிறவன் கதவுக்கு வெளியே நிற்பான். கர்ணன் வாழ்நாள் முழுக்க நின்றது இப்படி ஏதோ ஒரு கதவுக்கு வெளியேதான் என்று எழுதியிருந்தாள். எனக்குப் படிக்கும்போதே தொண்டை அடைத்தது.

அரை நாளில் கமெண்டில் அடிதடி. சூதாட்டச் சபையில் பாஞ்சாலியைக் கேவலமாகப் பேசியவனுக்காக அழுகிறாயே, நீ ஒரு பெண்ணா என்று ஒரு கூட்டம். அவளுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று வந்த இன்னொரு கூட்டம், கர்ணன் சபையில் வாயே திறக்கவில்லை, எல்லாம் பின்னால் எவனோ சேர்த்தது என்று சாதித்தது. யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு பக்கத்தில் போட்டு, இந்த மாதிரிப் பெண்கள்தான் நாளைக்கு அடிக்கிற புருஷனையும் நியாயப்படுத்துவார்கள் என்றார். ராத்திரி பதிவைத் தூக்கிவிட்டாள்.

எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் கோபம்.

முதலில் அந்தப் 'பரிந்து பேசிய' ஆட்களுக்கு. வியாச பாரதத்தில் சபா பர்வத்தைத் திறந்து பாருங்கள். துரியோதனன் தம்பி விகர்ணன் எழுந்து இது அநியாயம் என்று சொல்கிறான், அவனை அடக்குவது கர்ணன். பாண்டவர் துணியையும் பாஞ்சாலி துணியையும் உருவு என்று துச்சாதனனிடம் சொல்வதும் கர்ணன்தான். இதை மறைத்துவிட்டு ஒருவனை நேசிப்பதில் என்ன இருக்கிறது? எனக்கு அவன் மேல் பிரியம் கூடியதே அதற்குப் பிறகு உத்யோக பர்வத்தைப் படித்தபோதுதான். நீ குந்தியின் மகன், வா, ராஜ்யம் உனக்கு என்று கிருஷ்ணன் கூப்பிடுகிறான். போகவில்லை. அந்தப் பேச்சுக்கு நடுவில், துரியோதனன் சந்தோஷப்பட வேண்டும் என்று பாண்டவர்களை அன்றைக்குக் கடுஞ்சொல் சொன்னேனே, அதை நினைத்து இப்போது வேகிறேன் என்று அவனே சொல்கிறான். சபையில் அவன் பேசவே இல்லை என்றால் இந்த வேதனைக்கு என்ன அர்த்தம்? குற்றத்தைத் துடைத்து எடுத்துவிட்டால் அவனுடைய துயரமும் அதோடு போய்விடுகிறது.

அப்புறம் இன்னொன்று. எந்தக் கர்ணன் என்று சொல்லாமலே பாதிச் சண்டை நடக்கிறது. போர்க்களத்தில் விழுந்து கிடக்கும்போது கிருஷ்ணன் அந்தணனாக வந்து புண்ணியத்தை யாசகம் கேட்பது, குந்தி ஓடிவந்து மடியில் கிடத்தி அழுவது, இதெல்லாம் நமக்குத் தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் கொடுத்தது. வியாசரில் குந்தி போர் முடிந்து நீர்க்கடன் செய்யும்போதுதான் கர்ணன் தன் மகன் என்று பாண்டவர்களிடம் வாயைத் திறக்கிறாள். பொன்னுருவி வியாசரில் கிடையவே கிடையாது. 1964-இல் வந்த சிவாஜியின் கர்ணன் ஒருவன். எல்லைக்கு அந்தப் பக்கம் என் மாமா வீட்டில் கர்ணன் என்றால் என்.டி. ராமாராவ்தான், 1977-இல் 'தான வீர சூர கர்ணா' படத்தை அவரே இயக்கி, கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன் மூன்று பேராகவும் அவரே நடித்தார். நம்ம சிவாஜி படத்தில் கிருஷ்ணனும் அவர்தான். எங்கள் ஊரில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார், ராத்திரி கூத்தில் அதே கதை வேறு மாதிரி வரும், உட்கார்ந்திருக்கிற கூட்டம் ஒன்றேதான். ஒருத்தரும் எழுந்து சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. இணையத்தில் கட்டாயம் ஒரு விதி வேண்டும் என்றால் இதை வையுங்கள்: எந்தக் கர்ணனைப் பற்றிப் பேசுகிறோம் என்று மேலே ஒரு வரி. சபைக் காட்சி வருகிறது, மனசு கஷ்டப்படுகிறவர்கள் தவிர்க்கலாம் என்று இன்னொரு வரி எழுதினாலும் நல்லதுதான்.

ஆனால் அழுகிறவளிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்காதீர்கள்.

துரியோதனன் சாகிற பதினெட்டாம் போர் அன்றைக்குப் படுகளம் பார்த்திருக்கிறீர்களா? கோயில் எதிரே திடலில் துரியோதனனை மண்ணாலேயே செய்து படுக்க வைத்திருப்பார்கள், ஆள் மேலே ஏறி ஓடக்கூடிய அளவுக்குப் பெரிசாக, வர்ணம் பூசி, மீசை வைத்து. வேஷக்காரர்கள் பீமனும் துரியோதனனுமாகச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். தொடையில் அடி விழும், உள்ளே புதைத்து வைத்த சிவப்பு பீறிட்டு வரும், பாஞ்சாலி அதைத் தொட்டுத் தலையில் தடவி அத்தனை வருஷம் விரித்திருந்த கூந்தலை முடிவாள். கூட்டம் முழுக்கக் கோவிந்தா போடும். அந்தச் சத்தம் அடங்குகிறதுக்குள் அதே இடத்தில் துரியோதனனுக்கு ஒப்பாரி ஆரம்பிக்கும். எங்கள் ஆயா அந்த மண் தலைமாட்டில் உட்கார்ந்து, யாரோ சொந்தத்தில் செத்துப்போன மாதிரி மாரடித்து அழுவாள். 'மகராசனாப் பொறந்து மண்ணுல கெடக்கிறியே' என்பாள். அவள் பாஞ்சாலிக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தவள். அன்றைக்குச் சாயங்காலமே அம்மனுக்குத் தீ மிதிப்பாள். துரியோதனனுக்கு அழுதாயே, நீ எந்தப் பக்கம் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

எல்லாம் முடிந்ததும் ஜனங்கள் அந்த உருவத்து மண்ணை அள்ளிக்கொண்டு போவார்கள். ஆயா முந்தானையில் ஒரு பிடி முடிந்து வந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைப்பாள். குடும்பத்தை அழித்தவன் உடம்பு மண், வீட்டில் தானியம் குறையாமல் இருக்க. பாஞ்சாலி படம் மாட்டின அதே வீட்டில்.

நேற்று அக்கா மகளிடம் இதெல்லாம் சொன்னேன். அவளுக்கும் ஆயாவை ஞாபகம் இருக்கிறது. மேலே 'இது கூத்தில் வருகிற கர்ணன்' என்று ஒரு வரி சேர்த்து, மற்றதில் ஒரு எழுத்தும் மாற்றாமல் இன்றைக்குக் காலையில் பதிவை மறுபடியும் போட்டிருக்கிறாள். போய்ப் படியுங்கள். சபையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் கேளுங்கள், அவளிடம் பதில் இருக்கிறது.