சுருளின் வயது நூலின் வயது ஆகாது

சனிக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்களுக்கு: பைபிளின் பழைய ஏற்பாடு எப்போது எழுதப்பட்டது என்ற விவாதம் அது. "ஏன் பாதியில் போய்விட்டீர்கள்?" என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் போகவில்லை. என் மைக்கை அணைத்துவிட்டார்கள். அதற்கு முன் கடைசியாகக் காதில் விழுந்தது, "உங்க மதத்துக்கு முட்டுக் கொடுக்காதீங்க பிரதர்."

அங்கே எனக்கு எதிராகப் பேசியவர் சொன்னது இதுதான்: பழைய ஏற்பாட்டின் ஆகப் பழைய பிரதிகள் சாக்கடல் சுருள்கள். அவை கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்கு முன் போகாது. ஆகவே மொத்த நூலும் கிரேக்கர் காலத்தில் உட்கார்ந்து எழுதிய கதை. அதற்கு முன் ஒரு வரிகூடக் கிடையாது.

சுருளின் வயது நூலின் வயது ஆகாது. இதைச் சொல்லத்தான் அன்று வாயைத் திறந்தேன். 1947-இல் சாக்கடல் கரையிலுள்ள கும்ரான் குகைகளில் இந்தச் சுருள்கள் கிடைப்பதற்கு முன், எபிரேயத்தில் ஓரளவு முழுமையாகக் கையில் இருந்த பழைய பிரதிகள் கி.பி. பத்தாம் நூற்றாண்டின் அலெப்போ சுவடியும், 1008-ஐ ஒட்டிய லெனின்கிராட் சுவடியும்தான். இவருடைய கணக்கை 1946-இல் போட்டிருந்தால் தீர்க்கதரிசி ஏசாயா கி.பி. பத்தாம் நூற்றாண்டு ஆள் என்று வந்திருக்கும். அடுத்த வருடமே ஆயிரம் ஆண்டு பின்னால் தள்ள வேண்டியிருந்திருக்கும். ஒரு குகை திறந்தால் ஆடிப்போகிற கணக்கை ஆராய்ச்சி என்று எப்படிச் சொல்வது?

"ஒரு வரிகூடக் கிடையாது" என்பது அதைவிட மோசம். எருசலேம் பழைய நகரத்துக்குத் தென்மேற்கே கேத்தேஃப் ஹின்னோம் என்று ஓர் இடம். அங்கே ஒரு கல்லறைக் குகையில் 1979-இல் தொல்லியலாளர் கபிரியேல் பர்காய் குழு இரண்டு சின்ன வெள்ளித் தகடுகளைக் கண்டெடுத்தது. தாயத்துபோலச் சுருட்டி வைத்தவை. பெரியதே விரித்தால் பத்து செ.மீ. நீளம்தான். நொறுங்காமல் விரிக்கவே வருடக்கணக்கில் ஆனது. உள்ளே முடி கனத்துக்குக் கீறிய எழுத்துகள். என்ன எழுதியிருந்தது தெரியுமா? "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." பழைய ஏற்பாட்டின் நான்காம் நூலான எண்ணாகமம், 6-ஆம் அதிகாரம். நம் சபைகளில் ஆராதனை முடிவில் ஆயர் கையை உயர்த்திச் சொல்கிற அதே ஆசீர்வாதம். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதற்குத் தரும் காலம் கி.மு. 600-ஐ ஒட்டி. பாபிலோனியர் எருசலேமை எரிப்பதற்கு முன். அதைப் பிற்காலத்துக்குத் தள்ளுகிறவர்கள் சிலர் உண்டு. ஆனால் 2004-இல் வெளியான புதிய நுண்படங்களைப் பார்த்த பிறகும் அப்படித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

உடனே நம் ஆட்கள் கைதட்ட வேண்டாம். ஓர் ஆசீர்வாதம் வெள்ளியில் கிடைத்ததால் எண்ணாகமம் என்ற முழு நூல் அன்று இருந்தது என்று ஆகாது. வாயில் புழங்கிய ஆசீர்வாதம் பிறகு நூலுக்குள் வந்திருக்கலாம். தகட்டின் வயதும் நூலின் வயது ஆகாது. இந்தப் பக்கமும் அதே நியாயம்தான்.

அதனால்தான் ஏபால் மலைத் தகட்டையும் நான் பகிரவில்லை. 2022-இல் அமெரிக்காவில் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். மடித்த ஈயத்துண்டு, இரண்டு செ.மீ. அளவு, உள்ளே கடவுளின் பெயர், மோசே காலத்துக்குப் பக்கத்தில் என்று. ஆய்வுக்கட்டுரை வந்ததே மறு வருடம்தான். படங்களைப் பார்த்த கல்வெட்டு அறிஞர்கள் பலர், எழுத்தே தெரியவில்லை, இது மீன்வலை ஈயக்குண்டாகக்கூட இருக்கலாம் என்றார்கள். ஆனால் நம் வாட்சப் குழுக்களில் அறிவிப்பு மட்டும் சுற்றியது, மறுப்பு சுற்றவே இல்லை. நான் மறுப்பைப் போட்டேன். "விசுவாசத் துரோகி" என்று ஓர் அண்ணன் எழுதினார். என் கல்யாணத்தில் ஜெபம் பண்ணியவர்.

அது எனக்குப் புதிதும் இல்லை. ஒரு காலத்தில் சண்டே ஸ்கூலில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். மோசேயின் ஐந்து நூல்களில் கடைசியான உபாகமம், அதில் கடைசி அதிகாரம். ஒரு பெண்பிள்ளை விரலை வரிமேல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தவள் நிறுத்திவிட்டாள். "அண்ணா, மோசே செத்துப்போனதை மோசேயே எப்படி எழுதினார்?" நல்ல கேள்வி. கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்று யூதர்களின் பழைய போதனைத் தொகுப்பான தல்மூதிலேயே ஒரு கருத்து இருக்கிறது, இப்படிக் கேட்பது பாவமில்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைங்க மனசைக் கெடுக்காதீங்க தம்பி" என்று சொல்லி அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வருகைப் பதிவேட்டில் அன்றைய பெயர்களுக்கு டிக் அடித்து முடித்திருக்கவில்லை.

ஆகவே நேரலையில் என்னை "அல்லேலூயா கோஷ்டி" என்றவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், அந்தக் கோஷ்டி என்னை எப்போதோ வெளியே நிறுத்திவிட்டது.

"அப்போ எப்போதான் எழுதினாங்க, ஒரு வருஷம் சொல்லு" என்கிறார்கள். ஒரு வருடம் கிடையாது. அதைத்தான் அன்றிலிருந்து கத்துகிறேன். நியாயாதிபதிகள் 5-இல் வரும் தெபொராளின் பாட்டு மிகப் பழையது என்று பலர் கருதுகிறார்கள். உபாகமத்தின் நடுப்பகுதியை, கி.மு. 622-இல் யோசியா ராஜா காலத்தில் ஆலயத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் நியாயப்பிரமாண புத்தகத்தோடு ஜெர்மன் அறிஞர் டி வெட்டே 1805-இலேயே இணைத்துப் பேசினார். ஏசாயா 45 பாரசீக ராஜா கோரேஸைப் பேர் சொல்லி அழைக்கிறது. கோரேஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539, ஏசாயா வாழ்ந்தது எட்டாம் நூற்றாண்டு; ஆகவே அந்தப் பகுதி அவருக்குப் பிந்தியது என்கிறார்கள். தானியேலின் பிற்பகுதி கி.மு. 165-ஐ ஒட்டியது என்பது பெரும்பாலானோர் முடிவு. இப்படி நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்ததற்கு ஒரே தேதி கேட்டால் எப்படித் தருவது? கிரேக்கர் காலம் என்று அவர் சொன்னது தானியேலுக்குப் பொருந்தும். கி.மு. எட்டாம் நூற்றாண்டுத் தீர்க்கதரிசி ஆமோஸுக்குப் பொருந்தவே பொருந்தாது.

யானைத்தீவை ஏன் பேசவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். நைல் நதியின் எலிபன்டைன் தீவில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் இருந்த யூதப் படைவீரர் குடியிருப்பு. அவர்களுடைய பாப்பிரஸ் ஏடுகளில் அசீரிய அரசவை ஞானி அகிகாரின் கதை இருக்கிறது, மோசேயின் பெயர் இல்லை, தோராவிலிருந்து, அதாவது மோசேயின் ஐந்து நூல்களிலிருந்து, ஒரு வரி இல்லை. வலுவான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எகிப்தின் எல்லைக் காவலில் இருந்தவர்களிடம் நூல் இல்லை என்பதால் எருசலேமிலும் இல்லை என்று முடித்துவிட முடியாது. மைக் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்கு உண்மையில் வலித்தது, "இந்த ஆராய்ச்சியெல்லாம் நாத்திகர்கள் செய்தது, நீங்கள் இப்போது வந்து ஒட்டிக்கொள்கிறீர்கள்" என்ற பேச்சு. சில வரிகளை மோசே எழுதியிருக்க முடியாது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஜாடையாக எழுதிவைத்த இபின் எஸ்ரா ஒரு யூத அறிஞர். ராபர்ட்சன் ஸ்மித் ஸ்காட்லாந்தில் போதகர். இதைப் பேசியதற்காக 1881-இல் அபர்தீன் கல்லூரியில் அவர் பதவியைப் பறித்தார்கள். மறு வருடம் ஜெர்மன் அறிஞர் வெல்ஹாசன், சபை ஊழியத்துக்கு மாணவர்களைத் தயார்செய்ய என் மனசாட்சி இடம் தரவில்லை என்று கிரைஃப்ஸ்வால்டில் இறையியல் பேராசிரியர் பதவியைத் தானே விட்டார். வேதத்தை நேசித்து, உட்கார்ந்து வரி வரியாக வாசித்து, அதற்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். இவர்களுடைய உழைப்பை எடுத்து எங்கள் முகத்தில் எறிகிறீர்கள், அவர்கள் பெயரைக்கூடச் சொல்லாமல்.

"கடைசியில் நீ நம்புகிறாயா இல்லையா?" நம்புகிறேன். மோசே ஐந்து நூல்களையும் தன் கையால் எழுதினார் என்றால்தான் நம்புவேன் என்று நான் கடவுளிடம் நிபந்தனை போட்டதில்லை. இதில் என்ன முட்டு?

இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவிப்புப் பார்த்தேன். என்னைக் கூப்பிட வேண்டாம். அந்த வெள்ளித் தகடுகளின் படத்தைத் திரையில் காட்டிவிட்டு, "ஒரு வரிகூடக் கிடையாது" என்று சொன்னதைத் திருத்துங்கள், போதும். கீழே வந்து திட்டுகிறவர்கள் என்னைத் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். என் அம்மாவின் ஜெபத்தை இழுத்துக் கேலி பேசினால் பிளாக் செய்வேன். நேற்று செய்தேன், இன்றும் செய்வேன்.