மட்கார்டு பிள்ளைகள் உட்காரும் இடமல்ல
கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் குடும்பப் பண்ணைக்கு அனுப்பச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் அதில் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து போவதை வெறும் இன்பமாக எழுதியிருப்பது சரியில்லை. ஓட்டுநருக்கு மட்டும் இருக்கை உள்ள வண்டியில் இன்னொருவர் ஏறவே கூடாது. பள்ளத்தில் வண்டி குலுங்கினால் பிள்ளை பின்சக்கரத்தின் அடியில் போய்விடும்; மெதுவாகப் போனாலும் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

அதைவிடக் கொடியது டிராக்டரின் பின்னால் சுழன்று, அங்கே மாட்டிய கருவிக்கு இன்ஜின் விசையைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு. பெரும்பாலான கருவிகளுக்கு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. தொளதொள சட்டையின் நுனி மாட்டினால் உதறி விடுபட அவகாசமே கிடையாது. தண்டின் மேலுறை உடைந்திருந்தால் மாற்றும்வரை ஓட்டாதீர்கள். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, தண்டு முழுதாக நின்ற பிறகுதான் யாரும் கிட்டே போகலாம்.

பிள்ளைகளுக்கு வேறு வேலையா இல்லை? முட்டை பொறுக்கலாம், வெயில் ஏறுமுன் நாற்றுக்குப் பூவாளியில் நீர் ஊற்றலாம். ஒன்று மட்டும்: பூச்சிமருந்து கேனைக் கழுவித் தண்ணீர் மொள்ளக் கொடுக்காதீர்கள். எத்தனை முறை அலசினாலும் பிளாஸ்டிக்கில் மருந்து தங்கும். காலியானதும் மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, கேனின் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.