இறங்க மறுக்கும் கியர்

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது சைக்கிளின் பின் சக்கரத்தில் பெரிய பல்லுக்கு, அதாவது பெரிய பல்சக்கரத்துக்கு, போன செயின், இறக்கம் வந்தாலும் இறங்க மாட்டேன் என்கிறது. லீவரைத் தட்டித் தட்டி ஓய்ந்த பிறகு, ரெண்டு பல்லைத் தாண்டி 'டக்'கென்று விழும். கடையில் கொடுத்தால் எடுத்ததும் ஸ்க்ரூட்ரைவர்தான்! அவர்கள் திருகுகிற, கியர் மாற்றியில் உள்ள அந்த ரெண்டு திருகாணியும் செயின் ஓரம் தாண்டாமல் தடுக்க மட்டும்தானே. நடுப் பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பெரிய பல்லுக்கு ஏற்ற நம் விரல் கேபிளை இழுக்கும். சின்னதுக்கு இறக்க ஸ்பிரிங் மட்டும்தான். இந்த மூடுபனியிலும் மழையிலும் கேபிள் உறைக்குள் துரு பிடித்தால் அந்த ஸ்பிரிங் என்ன செய்யும், பாவம்? பின் சக்கரத்தருகே வளைகிற உறைத் துண்டைக் கழற்றினால் செங்கல் நிறத்தில் தண்ணீர் சொட்டுகிறது. கேபிளையும் உறையையும் மாற்றச் சொன்னால், "எண்ணெய் விட்டா சரியாயிரும் தம்பி" என்கிறார்கள். விட்டோமே, போன மாசமும்!