எல்லா பட்டனுக்கும் ஒரே பேரா, தம்பி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போன வருடம் வெப்சைட் செய்து கொடுத்தேன். பக்கத்தை அடுக்கித் தரும் கிரிட், ஃப்ளெக்ஸ் எல்லாம் போட்டு, ஸ்க்ரோல் செய்தால் புடவை மெல்ல விரிகிற மாதிரி அனிமேஷன் வேறு. முதலாளிக்கு ஏக சந்தோஷம். எனக்கும்தான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை அவர் ஓடவிடுகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. பெருமை தாங்காமல் அவருக்கும் லிங்க் அனுப்பியிருந்தேன். ராத்திரி டீக்கடையில் பார்த்ததும் கேட்டார்: "இன்னா தம்பி, உன் கடைல எல்லா பட்டனுக்கும் ஒரே பேரா?"

புரியவில்லை. போனை வாங்கி, வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். "அன்லேபிள்டு, பட்டன். அன்லேபிள்டு, பட்டன்." கூடை, தேடல், விருப்பப் பட்டியல் மூன்றின் படத்தையும் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) பேக்ரவுண்டாக வைத்திருந்தேன். உள்ளே எழுத்து என்று ஒன்றுமே இல்லை. அப்புறம் எதைப் படிக்கும்?

அடுத்தது அதைவிட மோசம். நிரல் எழுதும்போது என் வசதிக்கு 'வாங்கு' பட்டனை முதலில் எழுதிவிட்டு, ஃப்ளெக்ஸின் 'ஆர்டர்' வைத்துக் கண்ணுக்கு மட்டும் கீழே தள்ளியிருந்தேன். டாக்பேக்கோ ஹெச்டிஎம்எல்லில், அதாவது பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழியில், நான் எழுதிய வரிசையில்தான் வாசித்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எத்தன்னு சொல்லாமலே வாங்கு வாங்குன்னுது. அப்பால வெலைய சொல்லுது. கடைசியாதான் பொடவைன்னுது. எம்.சி. ரோட்டுல கையப் புடிச்சு இழுக்கறவன்கூடப் பொடவையக் காட்டிட்டுத்தான்பா இழுப்பான்."

(இந்த வரிசைச் சிக்கலுக்கென்றே 'ரீடிங்-ஃப்ளோ' என்று குரோமில் 2025இல் ஒன்று வந்திருக்கிறது. எல்லா பிரௌசரிலும் வரும்வரை நான் அதை நம்பி இறங்கமாட்டேன். ஹெச்டிஎம்எல்லை ஒழுங்கான வரிசையில் எழுதினால் வேலை முடிந்தது.)

எங்கள் தொழிலில் ஆக்சஸிபிலிட்டி (எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வது) என்றாலே 'அடுத்த ஃபேஸில் பார்க்கலாம்' என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது தனிச் செலவு, தனி வேலை என்று ஒரு நினைப்பு. ஆனால் ஸ்டைலே இல்லாத வெறும் ஹெச்டிஎம்எல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி. கீபோர்டில் டேப் அடித்தால் எங்கே நிற்கிறோம் என்று ஒரு கோடு காட்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் பெரிதாகும். பிரௌசர் இதையெல்லாம் சும்மா கொடுக்கிறது. ஸ்டைல் என்ற பெயரில் அதைப் பிடுங்கிப் போடுவது நாம்தான்.

'அவுட்லைன்: நன்' என்ற வரியை எழுதாத டெவலப்பர் உண்டா? முன்பெல்லாம் மவுஸால் சொடுக்கினாலே பட்டனைச் சுற்றி ஒரு கோடு வரும். டிசைனருக்குப் பிடிக்காது, எடுத்துவிடுவோம். கை நடுங்குபவர், மவுஸ் பிடிக்க முடியாதவர் எல்லாம் கீபோர்டில் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நகர்கிறார்கள். வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் தரையில் மேடு மேடாக மஞ்சள் டைல்ஸ் ஓடுகிறதே, அதை அழகாக இல்லை என்று பெயர்த்துப் போட்டால் எப்படி இருக்கும்? இதற்குத் தீர்வும் கையிலேயே இருக்கிறது. 'ஃபோகஸ்-விசிபிள்' போட்டால் பட்டனை மவுஸால் தொடும்போது கோடு வராது, கீபோர்டில் வந்தால் வரும். 2022 முதல் சஃபாரி உட்பட எல்லாப் பெரிய பிரௌசரிலும் வேலை செய்கிறது. டிசைனருக்கும் சமாதானம்.

அப்புறம் இந்தச் சாம்பல் நிற எழுத்து. ஏசி அறையில் பெரிய மானிட்டரில் பார்க்க நாகரிகமாகத்தான் இருக்கும். என் அம்மா காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில், உச்சி வெயிலில் போனை நெற்றிக்கு மேலே தூக்கி, கையால் மறைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதுல வெலையே போடலியேடா" என்றார். போட்டிருந்தேன், #999999 என்ற வெளிர்சாம்பல் நிறத்தில். வெள்ளைப் பின்னணியில் அதன் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 2.85 தான். டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச ஆக்சஸிபிலிட்டி விதிப்படி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். கொஞ்சம் அடர்த்தியான #767676 என்று மாற்றினாலே 4.54 வந்துவிடும். அம்மாவுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, வெயில்தான்.

தமிழுக்கென்று ஒரு தொல்லை தனியாக இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த டெம்ப்ளேட்டில் தலைப்புக்கு 'லைன்-ஹைட் 1' (வரியின் உயரம் எழுத்தளவுக்குச் சமம்), கூடவே 'ஓவர்ஃப்ளோ ஹிடன்' (மிஞ்சியது மறையும்). 'பட்டு' என்று எழுதினேன், புள்ளி வெட்டுப்பட்டு 'படடு' என்று நின்றது. பட்டனுக்குப் பிக்சலில் அகலம் வைத்தால் 'தொடர்புகொள்ளவும்' பாதியில் முறிந்து தொங்கும். அகலத்தை உள்ளே இருக்கும் எழுத்துக்கு விட்டுவிட்டு, எழுத்தளவை, பயன்படுத்துகிறவர் வைத்திருக்கும் எழுத்தளவோடு சேர்ந்து வளரும் 'ரெம்'மில் கொடுத்துவிட வேண்டியதுதான். பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல்லில் குறித்தால், ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலைத் தேடும். அந்தக் குறிப்பையே பிடித்துத் தமிழுக்கு மட்டும் லைன்-ஹைட்டைக் கூட்டவும் சிஎஸ்எஸ்ஸில் வழி உண்டு. நாமோ டெம்ப்ளேட்டோடு வந்த ஆங்கிலக் குறிப்பை அப்படியே விட்டுவிடுகிறோம்.

அனிமேஷனுக்கும் 'ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன்' இருக்கிறது. அசைவு பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் போனில் அதைக் குறைத்து வைத்திருப்பார்கள், அதை மதித்தால் போதும்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. கண் சிமிட்டினால்தான் கேஒய்சி என்று ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களை நிறுத்திவைத்த விவகாரத்தில், டிஜிட்டல் வசதியை அணுகுவதும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொல்லிவிட்டது.

துணிக்கடை சைட்டைச் சரிசெய்ய இரண்டு சாயங்காலம் பிடித்தது. காசு கேட்கவில்லை, தப்பு என்னுடையது. அண்ணன் இப்போது, "இப்ப உன் கட பேசறது பரவால்ல, வெலதான் ஜாஸ்தி" என்கிறார். முதலாளிதான் போன வாரம் போன் செய்தார். விலை எழுத்து ரொம்பக் கறுப்பாகத் தெரிகிறதாம், பழையபடி லேசாக மாற்றித் தர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அவரும் காசிமேட்டுக்கு மீன் வாங்க வருவார். பழைய வெர்ஷன், புது வெர்ஷன் இரண்டையும் போனில் வைத்துக்கொண்டு அவரை அங்கேயே பிடிக்கலாம் என்றிருக்கிறேன்.