கீழடிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெருமை மட்டும் போதாது

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். மனசுக்கு நிறைவான விஷயம்தான். ஆனால் போன இடத்தில் என்ன செய்கிறோம் என்பதில் எனக்கு ஆற்றாமை இருக்கிறது. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்ட வைக்கிறோம், வாசலில் குழுப்படம் எடுக்கிறோம், "நாமதான் மூத்த குடி"ன்னு சொல்லிப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். ஆறிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் "அது எப்படி சார் தெரியும்?" என்று கேட்கிற வயசில் இருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் பெருமையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அநியாயம்.

அந்த அருங்காட்சியகத்தையே செட்டிநாட்டு வீட்டுப் பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் நம் பிள்ளைகள் தூணையும் முற்றத்தையும் பார்த்து "நம்ம ஊர் வீடு மாதிரி இருக்கு" என்பார்கள். பாடத்தை அங்கேயே தொடங்கிவிடலாம். கட்டடம் 2023இல் திறந்தது, அதன் பாணி நம் தாத்தா பாட்டன் காலத்தது, உள்ளே இருக்கும் பொருளோ இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தியது. இந்த மூன்று காலத்தையும் ஒரு பிள்ளை பிரித்துச் சொல்லிவிட்டால் பாதி வரலாறு புரிந்த மாதிரி.

போவதற்கு முதல் வாரம் வீட்டிலிருந்து ஒரு பழைய பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே எந்தச் செட்டியார் வீட்டுச் சாமானை எடுத்தாலும் விலாசம், அதாவது அந்த வீட்டுக்காரரின் பெயரெழுத்து, வெட்டியிருக்கும். சீர் கொடுத்தது, விசேஷத்துக்கு இரவல் போனால் திரும்பி வரவேண்டியது, யார் வீட்டுச் சொத்து என்பது எல்லாம் அந்த எழுத்தை வைத்தே பேசலாம். பிறகு கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் கீறியிருப்பதைக் காட்டுங்கள். அந்தப் பெயர்கள் பானையைச் சுட்ட பிறகு கீறப்பட்டவை. கையெழுத்தும் ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. அப்படியென்றால் எழுதியது யார்? குயவரா, பானையை வாங்கியவர்களா? இந்த ஒரு கேள்வியை வைத்தே பிள்ளைகளை ஒரு பீரியட் முழுக்கப் பேசவிடலாம். அங்கே இருக்கும் நூல் நூற்கிற தக்களியைக் காட்டுவதற்கு முன்னால் நம் ஊர்க் கண்டாங்கிச் சேலை நெய்கிற ஒரு தறியைப் பார்க்க வையுங்கள், போதும்.

காலக்கணக்கை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி கி.மு. 580 என்று கணித்தார்கள். 2019இல் மாநிலத் தொல்லியல் துறை அதை அறிக்கையாக வெளியிட்டது. இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது, ஆய்வகம் வயது சொன்னது கரிக்குத்தான் என்பதை. அதே மண்ணடுக்கில் கிடந்ததால்தான் மற்ற பொருளுக்கும் அந்தக் காலத்தைச் சொல்ல முடிகிறது. யாராவது முன்கூட்டியே தோண்டிக் கலைத்திருந்தால் பானை இருக்கும், காலம் போயிருக்கும்.

இது நம் ஊருக்கு ரொம்ப அவசியமான பாடம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பாருங்கள். பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி, வெளிநாட்டு எனாமல் தூக்கு, வீட்டிலிருந்து பெயர்த்த நிலைக்கதவு எல்லாம் குவிந்து கிடக்கும். எந்த ஊர், எந்த வீடு, யார் கொண்டுவந்தது என்ற விவரம் பெரும்பாலும் கூட வருவதில்லை. நம்மவர்கள் கடல் கடந்து போய்க் கொண்டுவிற்ற கதை மொத்தமும் விலைச்சீட்டோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள். ஒரு எனாமல் பாத்திரத்தின் அடியில் இருக்கும் முத்திரையைப் படிக்க வைத்து, "இதைப் பார்த்து என்ன சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது?" என்று இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

கண்மாய்க் கரையிலோ வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போதோ முதுமக்கள் தாழி, ஓடு எது தென்பட்டாலும் எடுக்கக் கூடாது, கழுவக் கூடாது. இருந்த இடத்திலேயே படம் எடுத்து ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்ல வேண்டும். பள்ளிக்குப் பெயர் வாங்கித்தர வகுப்பிலேயே ஒரு காட்சி வைக்கலாம் என்று ஓடு பொறுக்கி வரச் சொல்லும் ஆசிரிய நண்பர்கள், தயவுசெய்து அதை இந்த வருஷமே நிறுத்துங்கள்.