ஷிசுகாவுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை

அனிமே (ஜப்பானிய அசைபடம்) எடுப்பவர்களின் கதையைச் சொல்லும் அனிமே தொடர் 'ஷிரோபாகோ'. அதைப் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நேராக 23ஆம் எபிசோடுக்குப் போய்விடுகிறார்கள். சகாகி ஷிசுகா மைக் முன்னால் நின்று, தன் கனவுக்குக் கொஞ்சம் நெருங்கிவிட்டதாக ஒரு வசனம் பேசுகிறாள். ஒலிப்பதிவுக் கூடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தயாரிப்புப் பிரிவில் வேலை செய்யும் அவள் தோழி மியாமோரி உடைந்து அழுகிறாள். நானும் அழுதவன்தான். ஆனால் அதற்கு 'உழைத்தாள், பலன் கிடைத்தது' என்று உரை எழுதுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பி.ஏ. வொர்க்ஸ் தயாரிப்பில் 2014 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை ஒளிபரப்பான தொடர் இது. பள்ளியில் ஒன்றாக அனிமே எடுத்த ஐந்து தோழிகளில், குரல் நடிகையாக விரும்பும் ஷிசுகாவின் நிலைதான் மோசம். படம் வரையும் எமாவை வேலை சரியில்லை என்று கடிந்துகொள்வார்கள்; மறுபடி வரையலாம். ஷிசுகாவுக்கு அந்தத் திட்டுகூட இல்லை. ஆடிஷனுக்குப் போவாள், அழைப்பு வராது, அவ்வளவுதான். பிறகு மதுவிடுதியில் பரிமாறும் வேலை.

கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை 14ஆம் எபிசோடு காட்டுகிறது. நடிகர் தேர்வுக் கூட்டத்தில் ஒருவருக்குப் பிரபலமானவர் வேண்டும், ஒருவருக்குப் பாடத் தெரிந்தவர் வேண்டும், இன்னொருவருக்கு அழகி வேண்டும். பாத்திரத்துக்குக் குரல் பொருந்துகிறதா என்ற பேச்சை எடுக்கவே பெரும்பாடு. சிரிக்க வைக்கும் காட்சிதான். ஷிசுகா எந்த வேடத்துக்கும் தேறவில்லை என்பது நினைவுக்கு வந்தால் சிரிப்பு போய்விடும். வாய்ப்பு கிடைத்தாலும் பணம் கொட்டிவிடாது. ஜப்பானில் குரல் நடிகர்களின் தொடக்க நிலையான ஜூனியர் தரத்தில் அரை மணி நேர எபிசோடுக்கு 15,000 யென். ஒரு வரி பேசினாலும் நூறு வரி பேசினாலும் அதேதான்.

என்னைக் கேட்டால் தொடரின் உச்சக் காட்சி வேறு. டிவியில் தன்னைவிட இளைய குரல் நடிகை பேசுவதைப் பார்த்துக்கொண்டு, அறையில் தனியாக உட்கார்ந்து பீர் குடிக்கிறாளே, அது. அழுகையும் இல்லை, ஆறுதல் சொல்ல ஆளும் இல்லை.

சரி, கடைசியில் வேடம் எப்படி வந்தது? தொடருக்குள் மியாமோரியின் நிறுவனம் ஒரு அனிமே எடுக்கிறது; அதன் மூலக்கதை ஆசிரியர் இறுதி எபிசோடின் கதையை நிராகரிக்கிறார். இயக்குநர் கினோஷிதா நேரில் போய்ப் பேசுகிறார். அந்தப் பேச்சில், அந்த அனிமேயில் வரும் கேத்தரின் என்ற பாத்திரத்துக்கு லூசி என்று ஒரு தங்கை முளைக்கிறாள். அந்தத் தங்கைக்குக் குரல் கொடுக்கத்தான் ஷிசுகாவை அழைக்கிறார்கள். இதை வசதியான திருப்பம் என்று குறை சொல்வோரும் உண்டு. எனக்கு இதுதான் தொடரின் நேர்மை. பயிற்சியை விட்டிருந்தால் அன்று அவள் பேசியிருக்க முடியாது, உண்மை. அதே அளவு பயிற்சி செய்த வேறு எத்தனை பெண்களுக்கு அன்று போன் வரவில்லை? அவர்களைப் பற்றி யாரும் பதிவு எழுதுவதில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து நடப்பதாக 2020இல் திரைப்படம் வந்தது. அதில் ஷிசுகாவுக்கு வேலை இருக்கிறது, ஆனால் கேமரா முன் முகம் காட்டும் வேலை. அவள் கேட்டது அதுவல்ல. 23ஆம் எபிசோடோடு கதையை முடித்துக்கொள்பவர்கள் இந்தப் படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.